எழும்பூரா, மாமல்லபுரமா, டிசைனா? கலைப் படிப்புகள் ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடித்த பிள்ளை "ஓவியம் படிக்கணும்" என்றதும் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "படிச்சுட்டு என்ன வேலை?" நியாயமான கேள்விதான். ஆனால் எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்துப் பதில் அடியோடு மாறும். இங்கே மூன்று வழிகளைப் பார்ப்போம்: எழும்பூரில் உள்ள சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் பி.எஃப்.ஏ. (கவின் கலை இளநிலைப் பட்டம்), மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) போன்றவை தரும் டிசைன் பட்டம். மூன்றும் நான்காண்டுப் படிப்பு.

பணத்தை முதலிலேயே பேசிவிடலாம். டிசைனுக்கு நான்காண்டுக் கட்டணம் மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டும். அதில் ஒரு பருவத்துக்குக் கட்டும் தொகையில் அரசுக் கல்லூரிப் படிப்பு முழுவதையும் முடித்துவிடலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு டிசைன் நிறுவனங்களில் சலுகைகள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே விசாரித்துவிட வேண்டும். இன்னொரு தடை, அந்த நுழைவுத் தேர்வுகளுக்குத் தமிழில் வினாத்தாள் கிடையாது. கை நன்றாக வரும் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் இந்த ஒரே காரணத்தால் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம்.

எழும்பூர்க் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. ஓவியம், சிற்பம், செராமிக், டெக்ஸ்டைல், பிரிண்ட்மேக்கிங், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்று பிரிவுகள். இங்கே படிப்பு என்பது பெரும்பாலும் பார்க்கப் பழகுவதுதான். எதிரே மாடல் அசையாமல் உட்கார்ந்திருப்பார், கையில் கரிக்கோல். தோள் சரியாக வந்துவிட்டது என்று நினைக்கும்போது, இடுப்பு தவறான இடத்தில் இருப்பது கண்ணில் படும். மொத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இந்தப் பயிற்சியை எந்த மென்பொருளும் தராது.

வேலை என்று வந்தால், எழும்பூர் பட்டம் நேராக ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்காது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில், 1966-இல், இந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் சென்னைக்கு அருகே, ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்யும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணி (மெழுகு தடவிச் சாயமேற்றிய துணி), கைவினைப் பொருள் செய்து விற்ற பணம் அதற்குக் கைகொடுத்தது. பிழைப்புக்கு ஒரு தொழில், அதன் பக்கத்திலேயே ஓவியம் என்ற அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. சினிமாவில் கலை இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்வது, பத்திரிகை, பதிப்பக ஓவியம், அனிமேஷன், விளம்பரம் என்று வாசல்கள் உண்டு. முதல் சில வருடங்கள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையை மட்டும் நம்பிச் சேர வேண்டாம். 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்கள் பணி நிரந்தரம் கேட்டு எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றார்கள் என்பதைப் பார்த்திருக்கிறோம். கல்லூரி ஆசிரியர் ஆகப் பொதுவாக எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலைப் பட்டத்தோடு, நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியோ பிஎச்.டி. பட்டமோ வேண்டும்.

மாமல்லபுரம் கல்லூரியைப் பற்றித்தான் பெற்றோருக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருக்கிறது. 1957-இல் தொடங்கியது. மரபுச் சிற்பத்தில் கல், சுதை (சுண்ணாம்புச் சாந்து), மரம், உலோகம் என்று பிரிவுகள். மரபு ஓவியம் உண்டு. மரபுக் கட்டடக்கலைக்கு பி.டெக். பட்டம். இங்கே எதிரே மாடல் இருக்காது. அளவு தாலமானத்தில், அதாவது சிற்ப நூல்கள் சொல்லும் அளவு முறையில் இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம், அதில் 12 அங்குலம். நவதால உருவம், அதாவது ஒன்பது தால உயரமுள்ளது என்றால் 108 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் உள்ளதல்ல. சிலையின் உயரம் மாறினால் அதுவும் மாறும். அதனால்தான் உள்ளங்கைச் சிலையும் ஆளுயரச் சிலையும் ஒரே இலக்கணத்தில் நிற்கின்றன. முதலில் தாளில் கோடு, பிறகு கல்லில் கோடு, அதன் பிறகுதான் உளி.

கோயில் திருப்பணி நடக்கும் வரை இந்தக் கைக்கு வேலை உண்டு. வெளிநாட்டுத் தமிழர் கட்டும் கோயில்களும் இவர்களைத்தான் தேடுகின்றன. இங்கே நெடுங்காலம் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை வடித்தவர். வேலை நிச்சயம் என்ற கணக்கில் மூன்றில் இதையே முதலில் வைப்பேன். ஆனால் உடம்பு வருந்தும் தொழில். கிரைண்டர் கிளப்பும் கருங்கல் தூசு நுரையீரலைத் தின்றுவிடும். முகக்கவசம் இல்லாமல் பட்டறையில் நிற்கவே கூடாது. சொந்தக் கற்பனைக்கு இலக்கணம் எவ்வளவு இடம் தரும் என்பதையும் பிள்ளை யோசித்துக்கொள்ள வேண்டும்.

டிசைனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஆட்களே சொல்லிவிடுகிறார்கள். நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து வேலைக்கு ஆள் எடுப்பது உண்டு, தொடக்கச் சம்பளம் மற்ற இரண்டையும் விட அதிகம். செயலி, பேக்கேஜிங், ஆடை என்று வேறொருவரின் தேவைக்கு வடிவம் கொடுக்கும் வேலை. அதில் சந்தோஷப்படும் பிள்ளைக்கு அருமையான படிப்பு. "என் படத்தை நான் வரையணும்" என்று துடிக்கும் பிள்ளையை அங்கே தள்ளினால் இரண்டாம் வருடமே வாடிவிடும்.

நடனம், இசையில் சிக்கல் வேறு. சென்னையின் நடன, இசைப் பள்ளியான கலாக்ஷேத்ராவின் நான்காண்டுப் பயிற்சிக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அது தருவது டிப்ளமோ. மேடையும் சொந்தப் பள்ளியும் இலக்கு என்றால் அது போதும். கல்லூரி வேலை கண்ணில் இருந்தால், பல்கலைக்கழகப் பட்டத்தை எப்படிப் பெறுவது என்பதையும் சேரும் முன்பே திட்டமிட வேண்டும்.

கையில் பணமில்லை, பிள்ளைக்கு உருவம் பிடிக்கும் கை இருக்கிறது என்றால், கடன் வாங்கி டிசைனில் சேர்க்காதீர்கள். மண்ணும் கல்லும் பிடிக்குமென்றால் மாமல்லபுரம். சொந்தமாக வரையும் வேகம் இருந்தால் எழும்பூர், கூடவே விஷுவல் கம்யூனிகேஷன் பிரிவையும் விசாரியுங்கள். விண்ணப்பம் போடும் முன் இரண்டு இடத்துக்கும் பிள்ளையை அழைத்துப்போய், இறுதியாண்டு மாணவர்களிடம் பேச விடுங்கள். சீனியர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.