மானியம் வரும் என்று நம்பி 38,500 ரூபாய் போனது: ஹெவி லைசென்ஸ் பயிற்சிக்குப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று மதியம்தான் அந்த டிரைவிங் ஸ்கூல் ஆபீஸிலிருந்து திரும்பி வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதுகிறேன். அந்த டிரைவிங் ஸ்கூலின் பெயரையும் அது இருக்கும் ஊரையும் சொல்லப்போவதில்லை. மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். டெல்டாவில் ஒரு டவுனில், பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில், மாடியில் இருக்கிற ஸ்கூல். இந்த மாதிரி இன்னும் எத்தனையோ இருக்கும்.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். தம்பிக்கு 24 வயது. டிராக்டர் ஓட்டுவான், லைட் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகள் அட்டி போட்டு நிற்கும்போது, அதை ரயிலடிக்கு ஏற்றிப் போக லாரிகள் வரிசையில் நிற்கும். டிரைவர் கிடைக்கவில்லை என்று ஓனர்கள் எங்கள் ஊர் டீக்கடையில் வந்தே கேட்டிருக்கிறார்கள். "ஹெவி மட்டும் இருந்தா போதும்க்கா, தை மாசத்துல ஏறிடுவேன்" என்று குறுவை அறுப்பு நடக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தான்.

கும்மிடிப்பூண்டியில் அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்துகிற கனரக வாகனப் பயிற்சி இருக்கிறது. அங்கே போகலாமா என்றுதான் அவன் முதலில் கேட்டான். அவ்வளவு தூரம் எதற்கு, அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை, இங்கேயே பக்கத்தில் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். அந்த நேரத்தில்தான் பஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். "அரசு மானியத்துடன் கனரக வாகனப் பயிற்சி." மேலே ஒரு ஓரத்தில் கோபுரச் சின்னம் வேறு.

தீபாவளி முடிந்த வாரம் இரண்டு பேரும் போனோம். ஓனருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை. உட்காரச் சொல்லி டீ வாங்கி வரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "அட, எங்க சித்தப்பா பொண்ணு கொடுத்த ஊராச்சே" என்று நாலு பேர் பெயரைச் சொன்னார். அதில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். அங்கேதான் நான் சாய்ந்தேன். நம்ம ஊர் ஆட்களைத் தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று மனசு தானாகவே நம்பிவிட்டது. அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேனே தவிர, எதையும் சரிபார்க்கவில்லை.

அவர் சொன்ன கணக்கு இது. "மொத்தம் 38,500. இப்ப நீங்க கட்டிடுங்க தங்கச்சி. பயிற்சி முடிஞ்சு 45 நாள்ல கவர்மெண்ட் மானியமா தம்பி அக்கவுண்ட்லயே ஏறிடும். உங்க கைக்காசு ஒரு பைசா போகாது." திட்டத்தின் பெயர் என்ன என்று தம்பி கேட்டான். "திறன் மேம்பாடுதான் தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அந்தப் பதிலில் எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திட்டத்துக்குப் பெயர் சொல்ல முடியாதவருக்கு மானியம் மட்டும் எங்கிருந்து வரும்?

முதலில் 25,000. என் தோடும் ஜிமிக்கியும் அடகுக் கடைக்குப் போயின. அந்தப் பணத்தை ஜிபேயில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஸ்கூல் பெயர் வரும் என்று பார்த்தால் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. "வீட்டுக்காரி நம்பர்தான், பரவாயில்ல" என்றார். பத்து நாள் கழித்து எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்), மெடிக்கல் சர்ட்டிபிகேட் செலவு என்று 8,500 ரொக்கமாக. அப்புறம் மானிய ஃபைல் அனுப்புகிற செலவு என்று 5,000, அதுவும் ரொக்கம். மொத்தம் 38,500. கடைசி இரண்டுக்கும் துண்டுச் சீட்டில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் எழுதித் தந்தார். பயிற்சி என்ற வார்த்தையே அதில் இல்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

பயிற்சி எப்படி நடந்தது என்று தம்பி சொல்லக் கேட்டால் வயிறு எரியும். 30 நாள் என்றார்கள், லாரி வந்தது 4 நாள். பழைய ஆறு சக்கர லாரி, கேபினில் ஆறு பையன்கள். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம், மீதி நேரம் வேடிக்கை. பயிற்சி கொடுக்கிற வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் பிரேக், கிளட்ச் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த லாரியில் அது இல்லை. மூன்றாவது நாள் வெண்ணாற்றங்கரை ரோட்டில் இன்னொரு பையன் ஓட்டும்போது குறுக்கே ஆடுகள் வந்திருக்கின்றன. அவன் பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர் எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில் லாரி ஆற்றுப் பக்கச் சரிவுக்கு இரண்டடி முன்னால் நின்றிருக்கிறது. இதை என் தம்பி வீட்டில் அன்றைக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் மறுநாளே நிறுத்தியிருப்பேன். ஆறு வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கேபினில் இருந்தார்கள்.

நாலாவது நாள் ஓனர் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்து, "மானியத்துக்கு அட்டெண்டன்ஸ் அனுப்பணும் தம்பிகளா, போட்டுடுங்க" என்றிருக்கிறார். 30 நாளுக்கும் தேதி முன்கூட்டியே எழுதியிருந்ததாம். ஆறு பேரும் ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கி, தேதி வரிசையில் ஆளுக்கு 30 கையெழுத்து போட்டார்கள். நீல மை பேனாவில் ஆரம்பித்து, பாதியில் மை தீர்ந்து, கறுப்புப் பேனா வாங்கி முடித்திருக்கிறார்கள். ஆறு பேருக்கும் ஒரே தேதியில் மை மாறியதால்தான் ஒரே உட்காரலில் போட்டது இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜனவரியில் டெஸ்ட். வண்டியை எடுத்தான், நிறுத்தினான், எல்லாம் சரி. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார் டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர். ஒருநாள்கூட ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்கவில்லை, எப்படி எடுப்பான்? ஃபெயில். இன்ஸ்பெக்டர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர் செய்தது சரி. அப்படியே பாஸ் போட்டு 20 டன் லோடோடு இவனை ரோட்டில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதிலிருந்து எங்களை அலைக்கழித்ததுதான் கதை. மறுபடி பயிற்சி கொடுங்கள் என்றால் "லாரி எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு)ப் போயிருக்கு". மானியம் என்றால் "போர்ட்டல் ஓப்பன் ஆகல". அடுத்த வாரம் "ஆதார் லிங்க் ஆகல". வங்கிக்குப் போய்க் கேட்டால் ஆதார் எப்போதோ இணைந்திருக்கிறது. அதைச் சொன்னதும் "சென்னைல ஃபைல் இருக்கு". அப்புறம் "மார்ச் முடியட்டும், புது நிதி வந்தாத்தான்". தங்கச்சி என்று கூப்பிட்டவர் பிப்ரவரியில் "ஏம்மா" என்றார். மார்ச்சில் போனையே எடுக்கவில்லை. தை போய் மாசி போய், சம்பா நெல் முழுக்க அடுத்தவன் ஓட்டிய லாரியில் போனது. என் தம்பி மூட்டை தூக்கப் போனான்.

போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போனேன். திறன் பயிற்சிப் பிரிவில் ஒரு அம்மா பொறுமையாகப் பட்டியலைப் பார்த்துச் சொன்னார்கள். அப்படி ஒரு ஸ்கூலே எந்தத் திட்டத்திலும் இல்லை. அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார்கள். அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் பயிற்சிச் செலவை அரசு நேராகப் பயிற்சி நிறுவனத்துக்குத்தான் கொடுக்கும். சேருகிறவர் கட்டணம் கட்ட வேண்டியதே இல்லை. "நீங்க கட்டுங்க, அப்புறம் திரும்ப வரும்னு ஒருத்தர் சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்கம்மா" என்றார்கள். இந்த ஒரு வரி ஆறு மாதம் முன்னால் என் காதில் விழுந்திருந்தால் 38,500 ரூபாய் என் கையில் இருந்திருக்கும்.

அதை வைத்துக்கொண்டு இன்று நேரே போய்க் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் அந்த நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். "30 நாள் பயிற்சி எடுத்திருக்கான், உங்க தம்பி கையெழுத்துதானே? ஃபெயில் ஆனது அவன் குறை. மானியம்னு நான் எழுதிக் கொடுத்தேனா?" என்றார். நீலமும் கறுப்புமாக அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. ஆறு பேருக்கும் பதினாறாம் தேதியிலிருந்து கறுப்பு மை. நான் போனில் படம் எடுத்ததும் நோட்டைப் பிடுங்கி, "வெளியே போம்மா" என்று கத்தினார். படம் இரண்டு கிடைத்துவிட்டது.

அடகு வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. எல்எல்ஆருக்கு ஆறு மாதம்தான் உயிர், தம்பியுடையது இன்னும் 17 நாளில் முடிகிறது. அது முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். திட்டத்தின் முழுப் பெயரைக் கேளுங்கள், மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் அந்த ஸ்கூல் இருக்கிறதா என்று விசாரித்த பிறகு சேருங்கள். ஸ்கூல் உரிமம், படிவம் 11, சுவரில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும், அதில் ஹெவி இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். ஹெவிக்குக் குறைந்தது 30 நாள், அதில் 15 மணி நேரம் நீங்களே ஓட்ட வேண்டும் என்பது விதி. ஓட்டாத நாளுக்குக் கையெழுத்து போடாதீர்கள், யார் சொன்னாலும் போடாதீர்கள். தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அந்த நோட்டில் தம்பி பெயரோடு இன்னும் ஐந்து பேர் பெயர் இருக்கிறது. இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், மூன்று பேரின் நம்பர் கிடைக்கவில்லை. லாரி ஆற்றங்கரையில் நின்ற அன்றைக்கு அந்தக் கேபினில் நீங்களோ உங்கள் வீட்டுப் பையனோ இருந்திருந்தால், வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குச் சீட்டோடு வாருங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அதையும் பிரிண்ட் எடுத்து வாருங்கள். நான் அந்த இரண்டு படத்தோடும் வாசலில் நிற்பேன்.