ட்ரவுட்டுக்கு ஒன்று, சால்மனுக்கு ஒன்று: பல சீசன் பயன்படுத்திய ஃப்ளை ராடுகளும் ரீல்களும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீனில் இருப்பவன் மீன்பிடிக்க ஆறு தேடி அலைய வேண்டியதில்லை. ஊரின் தெற்குப் பக்கம் டீ, வடக்குப் பக்கம் டான், இரண்டும் மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வந்து நகரத்தை ஒட்டியே கடலில் சேர்கின்றன. டீ சால்மனுக்குப் பேர் போனது, டான் பிரவுன் ட்ரவுட்டுக்கு. இந்த இரண்டிலும், அவ்வப்போது ஸ்பே ஆற்றிலும், பல சீசனாக நான் பயன்படுத்திவரும் ராடு (தூண்டில் கழி), ரீல் (லைன் சுற்றும் சுருள்), லைன் (ஃப்ளையைச் சுமந்துபோகும் கயிறு) பற்றித்தான் இது. புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது "எந்த ராடு நல்லது?" என்பதுதான். என்னைக் கேட்டால் முதலில் லைனை முடிவு செய்யுங்கள், பிறகு அந்த லைனை வீசத் தோதான ராடு, மிச்சமிருக்கும் காசில் ரீல். கடையில் இது தலைகீழாக நடக்கும், ஏனென்றால் ரீல்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருக்கும்.

ஏன் லைன் முதலில்? சாதாரண ஸ்பின்னிங் ராடில் முனையில் இருக்கும் உலோக மீன் தன் எடையில் பறந்துபோய், பின்னால் மெல்லிய நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் முடியும் வைத்து நூலால் கட்டிய பூச்சி வேடம், ஊதினால் பறக்கும், அதை மட்டும் வீசினால் காலடியில்தான் விழும். எடை முழுக்க லைனில் இருக்கிறது, நாம் வீசுவது லைனை, ஃப்ளை சும்மா கூடப் போகிறது. ராடின் மேல் எழுதியிருக்கும் 5, 8 என்ற எண் மீனின் அளவைச் சொல்வதில்லை, லைனின் எடையைச் சொல்கிறது. லைனின் முதல் 30 அடியை நிறுத்துப் பார்த்து வைத்த எண் அது: 5 என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம், 8 என்றால் 210 கிரெய்ன், 13.6 கிராம். ஆனால் இப்போது பல லைன்கள் பெட்டியில் 5 என்று போட்டிருந்தாலும் அரை எண், சிலது ஒரு எண் கூடவே கனமாக வருகின்றன. இன்றைய ராடுகள் விறைப்பு அதிகம், கனமான லைன் போட்டால்தான் புதியவருக்கு ராடு வளைவது கையில் தெரியும், அதனால் அப்படிச் செய்கிறார்கள். பெட்டியின் பின்பக்கம் கிராமிலோ கிரெய்னிலோ கணக்கு இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

டானில் என் ராடு 9 அடி, 5 எண், நான்கு துண்டாகப் பிரிவது, நடுத்தர ஆக்‌ஷன். நடுத்தரம் என்றால் வீசும்போது நுனி மட்டும் இல்லாமல் பாதி ராடு வரைக்கும் வளையும். ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு ஒன்றும் சில காலம் வைத்திருந்தேன், நல்ல தூரம் போகும், காற்றைக் கிழிக்கும், விளம்பரத்தில் சொல்வது பொய்யில்லை. ஆனால் டானில் ட்ரவுட் பெரும்பாலும் எட்டுப் பத்து மீட்டரில்தான் தலை காட்டுகிறது, ஆல்ஃபர்ட், கெம்னே பக்கமெல்லாம் கரையில் மரம் அடர்ந்திருக்கும், அந்தத் தூரத்துக்கு விறைத்த ராடு வளையவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று டிப்பெட், அதாவது ஃப்ளையைக் கட்டும் கடைசி மெல்லிய நரம்பு. வெயில் காலத்தில் தெளிந்த தண்ணீரில் 0.15 மில்லிமீட்டர் நரம்பு போட வேண்டியிருக்கும், நல்ல எடையுள்ள டான் ட்ரவுட் திடீரென்று தலையை உதறும்போது, மென்மையான நுனி அந்த உதறலைத் தான் வாங்கிக்கொள்ளும், விறைத்த நுனி நரம்புக்கு அனுப்பிவிடும். ஃபாஸ்ட் ராடை விற்றுவிட்டேன், வருத்தம் இல்லை. ஏரிக்குப் போகிறவர்கள் வேறு மாதிரி யோசிக்கலாம், திறந்தவெளியில் எப்போதும் காற்று, அங்கே 6 அல்லது 7 எண்ணில் வேகமான ராடுதான் கை கொடுக்கும்.

ட்ரவுட் ரீல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லைனைச் சுற்றி வைக்க ஒரு டப்பா, அவ்வளவுதான். மீன் ஓடினால் விரலால் லைனைப் பிடிக்கிறோம், பெரிய மீன் வந்தால் மட்டும் ரீல் சுழலும். என்னுடையது உள்ளே ஒரு பல்சக்கரமும் அதில் உராயும் சின்ன நாக்கும் மட்டும் உள்ள கிளிக் ரீல், கூட்டாளி ஒருவரிடமிருந்து வாங்கிய பழையது, வருஷம் ஒருமுறை திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். 5 எண் ராடுக்கு நூற்று இருபது, நூற்றைம்பது கிராமுக்குள் இருந்தால் கை வலிக்காது. இதற்கு நானூறு பவுண்டு கொடுப்பவர் ரசனைக்காகக் கொடுக்கிறார், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், மீனுக்காகக் கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஒரு விஷயம் பாருங்கள்: சுருளின் நடு அச்சு பெரிதாக இருக்கட்டும். சின்ன அச்சில் சுற்றிய லைன் குளிர்காலத்தில் சுருள் சுருளாகவே வெளியே வந்து உயிரை வாங்கும்.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் இருப்பதால், ஊட்டியிலிருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் இதே ராடு அங்கே சரிப்படுமா என்று கேட்டான். மலை ஓடைக்கு 8 அடி, 4 எண் போதும், 9 அடி 5 எண்ணும் தவறில்லை, முதலில் மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் அனுமதி என்னவென்று விசாரி என்றேன்.

இனி சால்மன், இதுதான் பெரிய கதை. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் சால்மன் நல்ல தண்ணீரில் இரை தேடுவதில்லை. அது ஏன் ஃப்ளையைக் கவ்வுகிறது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் இருக்கிறது. நடைமுறையில் செய்ய வேண்டியது, ஆற்றின் குறுக்கே சாய்வாக வீசி, ஃப்ளையை நீரோட்டத்தில் ஒரு வளைவாக நீந்த விட்டு, ஓரடி கீழே நகர்ந்து மறுபடி வீசுவது, நாள் முழுக்க. இதற்குத்தான் இரண்டு கையால் பிடிக்கும் நீளமான ராடு. பின்னால் லைனை எறிய இடமில்லாத மரக்கரையிலும் ஸ்பே முறையில் லைனைத் தண்ணீரில் ஒருகணம் ஊன்றி அப்படியே முன்னால் உருட்டி அனுப்பிவிடலாம். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் வீச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஆற்றின் மேல்நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே, கீழ்நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே அல்லது ஸ்நேக் ரோல். மாற்றிச் செய்தால் கொக்கி முகத்துக்கு வரும், கண்ணாடி போடாமல் யாரும் இறங்க வேண்டாம்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன, 15 அடி 10 எண், 13 அடி 8/9 எண். பெரியதை பிப்ரவரி 1 அன்று டீ சீசன் தொடங்கும்போது எடுத்தால் ஏப்ரல் வரை பயன்படும், தண்ணீர் ஏறி, குளிர்ந்து, கனமான ட்யூப் ஃப்ளையும் (சின்னக் குழாயில் கட்டியது) மூழ்கும் லைனும் வேண்டியிருக்கும் நேரம் அது. மே மாதம் வந்ததும் அதை மூலையில் சாத்திவிடுவேன். கோடை டீ தெளிவான, கூழாங்கல் ஆறு, தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்றால் 13 அடி ராடு எல்லா இடத்தையும் எட்டும், சின்னக் கொக்கியில் கட்டிய கேஸ்கேட், ஸ்டோட்ஸ் டெய்ல் மாதிரி ஃப்ளைகள் போதும். மிதக்கும் லைனில் மேல்மட்டத்தில் சின்ன ஃப்ளை போடும் இந்த வழக்கமே டீயின் கெய்ர்ன்டன் பகுதியில் ஆர்தர் வுட் என்பவர் சுமார் நூறு வருஷத்துக்கு முன் பிரபலமாக்கியது, அப்போது பட்டு லைன், மிதக்க வைக்கக் கொழுப்பு தடவ வேண்டும். ஒன்றே ஒன்று வாங்கக் காசிருக்கிறவருக்கு 13 அல்லது 14 அடிதான் என் சிபாரிசு. 15 அடி நன்றாக இருக்கும்போது ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் மாலை நாலு மணிக்கு முதுகு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு கை ராடில் எண்ணை நம்புவது இன்னும் மோசம். இங்கே கிராம் கணக்கு மட்டும்தான். என் 13 அடிக்கு 34 கிராம் ஷூட்டிங் ஹெட் (லைனின் கனமான முன்பகுதி, தலை) பொருந்துகிறது, 38 போட்டால் ராடு துவண்டுவிடுகிறது, 30 போட்டால் வெறும் குச்சியை ஆட்டுவது போல. இதைக் கண்டுபிடிக்கப் புது லைன் வாங்க வேண்டியதில்லை, கூட மீன்பிடிப்பவர்களிடம் கடன் வாங்கி ஆற்றில் போட்டுப் பாருங்கள். லைன் வகைகளில் வாலும் தலையும் ஒன்றாக இருக்கும் நீள ஸ்பே லைன் அழகாக உருளும், ஆனால் கற்க நேரமாகும். குட்டையான ஸ்காண்டி ஹெட் சுலபம், ஒவ்வொரு முறையும் லைனைக் கையால் இழுத்துச் சேர்க்க வேண்டும், மார்ச்சில் ஈர விரல்களோடு அது சுகமான வேலை இல்லை. ஸ்கேஜிட் ஹெட் குட்டை, தடிமன், கனமான மூழ்கும் நுனியையும் பெரிய ஃப்ளையையும் தூக்கிப் போடும், கோடை டீயில் அது போடும் சத்தத்துக்கு மீன் அடுத்த ஊருக்குப் போய்விடும். நான் மிதக்கும் ஸ்காண்டி ஒன்றும், முனையில் மாட்ட வேகவேகமாக மூழ்கும் பாலிலீடர் என்ற குட்டை முனைத்துண்டுகள் சிலவும் வைத்து முக்கால்வாசி சீசனை ஓட்டுகிறேன்.

நிறையப் பேர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம்: மூட்டு. ஸ்பே வீச்சு ராடை முறுக்கும், நாலு துண்டின் மூட்டுகளும் மெல்ல மெல்லத் தளரும், தளர்ந்த மூட்டில்தான் ராடு உடையும், மீன் பிடித்து உடைவதைவிட இப்படி உடைவது அதிகம். ஒவ்வொரு மூட்டிலும் மின்சார இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள். மாலையில் கழற்ற ஒரு நிமிஷம் ஆகும், பசை ஒட்டினால் துடைத்துவிடலாம். ஆண் மூட்டில் வெள்ளை மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் இறுக்கமாகவும் நிற்கும், கழற்றும்போது மல்லுக்கட்டவும் வேண்டாம்.

சால்மன் ரீல் வேறு ஜாதி. இங்கே ரீலுக்கு உண்மையான வேலை இருக்கிறது, ஆனாலும் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. தலை லைனுக்குப் பின்னால் 150 மீட்டர் பேக்கிங் (மீன் தூரம் ஓடினால் விட உள்ளே சுற்றிய மெல்லிய கயிறு) கொள்ள வேண்டும், சீராக, தொடக்கத்தில் இடறாமல் லைன் விட வேண்டும், இரண்டு கை ராடின் நீளத்தைச் சமன்செய்யும் எடை வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில் எடை குறைந்த ரீல்தான் பிரச்சினை: 13 அடி ராடில் இருநூறு கிராம் ரீல் போட்டேன், நுனி கீழே இழுத்துக்கொண்டே இருந்தது, இருநூற்று எண்பது போட்டதும் மேல் கை ஓய்ந்தது. லைன் ஓடுவதைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கான டிராக், டிஸ்க் வகையா, கிளிக்கா என்றால், டீயில் இரண்டும் போதும். ஃப்ளையைக் கவ்வும்போது சுண்டாமல், ரீலிலிருந்து லைன் போக விட்டு, மீன் திரும்பிய பிறகு ராடைத் தூக்குவதுதான் வழக்கம், அதற்கு டிராக் தளர்வாகவே இருக்கும். ஆற்றில் அடிக்கடி பார்க்கும் பெரியவர் ஒருவர் ஹார்டி பெர்ஃபெக்ட் ரீல் வைத்திருக்கிறார், 1891இல் வந்த வடிவம், மீன் ஓடும்போது அது போடும் சத்தம் மூன்று வளைவு தள்ளிக் கேட்கும். பொறாமைதான், என்ன செய்ய.

ஆனால் டிராக்கை வைத்து வேறொரு வாதம் உண்டு, அதை நான் ஏற்கிறேன். பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்தது. டீயில் பிடிக்கிற சால்மனைத் திருப்பி விடுவது நெடுநாளைய வழக்கம். விட்ட மீன் பிழைக்க வேண்டுமானால் அதைச் சீக்கிரம் கரைக்கு வரவழைக்க வேண்டும், களைத்துச் சாகும்வரை விளையாடக் கூடாது. 6 எண் ராடில் சால்மன் பிடித்தேன் என்று படம் போடுவது எனக்குப் பெருமையாகத் தெரியவில்லை. ராடு, நரம்பு, டிராக் மூன்றும் ஒரு படி கூடவே இருக்கட்டும், 12 பவுண்டு எடை இழுவை தாங்கும் நரம்புக்குக் கீழே நான் போவதில்லை. தண்ணீர் ரொம்பச் சூடேறிய நாளில் வீட்டிலிருப்பேன்.

உப்புத்தண்ணீர் தனி எதிரி. அபர்டீனுக்கு வடக்கே நியூபரோவில் ஐதன் ஆறு கடலில் கலக்கும் இடம் கடல் ட்ரவுட்டுக்குப் பேர் பெற்றது, எதிரே மணலில் சீல்கள் படுத்துக்கொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும். அங்கே கொண்டுபோன ரீல்களில் அடைப்பில்லாத டிராக் உள்ளது ஒரே சீசனில் மணலும் உப்பும் ஏறி இறுகிவிட்டது, முழுக்க அடைத்த டிராக் உள்ளது இன்றும் புதுசு மாதிரி. வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊற வைத்து, திறந்து காய விடுங்கள், குழாயைப் பீச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். கடலோரம் போகாதவர் அடைத்த டிராக்குக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

உத்தரவாதம் பற்றி: விலை உயர்ந்த ராடுகளில் பல, ஆயுள் உத்தரவாதம் என்று விற்கப்படுகின்றன. பெரும்பாலும் அது முதலில் வாங்கியவருக்கு மட்டும், கூடவே ஒரு கையாளும் கட்டணம் உண்டு. என் 15 அடியின் நுனித் துண்டு கார் கதவில் மாட்டியது, நிறுவனத்துக்கு அனுப்பினேன், புதுத் துண்டு வரும்போது வசந்த சீசன் முடிந்திருந்தது, பதில் அஞ்சல்கூட ஒழுங்காக வரவில்லை. நடுத்தர விலை ராடு வைத்திருக்கும் கூட்டாளிக்கு அதே வேலை இரண்டு வாரத்தில் நடந்தது. ஆகவே வாங்குமுன் விலையோடு, துண்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்றும் கேட்டு வையுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். டங்ஸ்டன் மணி வைத்த ஃப்ளை பட்டு விழுந்த சின்ன வடு பின்னால் அங்கேயேதான் ஒடியும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு: ஸ்காட்லாந்தில் இங்கிலாந்து போல பொது ராடு லைசென்ஸ் இல்லை (எல்லையில் எஸ்க் ஆற்றுப் பக்கம் விதிவிலக்கு), ஆனால் தண்ணீருக்கு உரிமை உள்ளவரிடம் பெர்மிட் வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கக் கூடாது, பிரவுன் ட்ரவுட்டுக்கு மார்ச் 15 முதல் அக்டோபர் 6 வரைதான். டீயின் பேர் பெற்ற இடங்களில் நல்ல வாரத்துக்கு ஒரு நாள் கட்டணத்தைக் கேட்டுவிட்டு ரீலுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள், என் கணக்கில் அந்தக் காசு தண்ணீருக்குப் போவதுதான் நியாயம்.

இப்போதைக்கு மாற்ற நினைப்பது ஒன்றுதான். ஜூன் மாத இரவில் கடல் ட்ரவுட்டுக்கு வைத்திருக்கும் 9 அடி 7 எண் ராடு, கரைப்புல்லில் லைன் உரசாமல் இருக்க ஓரடி நீளம் போதவில்லை. 10 அடி 7 எண், நடுத்தர ஆக்‌ஷன், செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைப்பதெல்லாம் ஃபாஸ்டாகவே இருக்கிறது. அதுவரை பழையதுதான், அதற்குப் புது லைன் மட்டும் இந்த மாதம் வாங்கியாகிவிட்டது.