"வாழ்நாள் லைசன்ஸ்" விற்கிறார்கள், வாங்காதீர்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் டிசைன், அச்சு, வீடியோ வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஃபோட்டோஷாப், பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் எல்லாம் அடங்கிய அடோபி தொகுப்பை "வாழ்நாள் லைசன்ஸ், ஒரே தடவை 450 வெள்ளி" என்று ஈப்போவிலிருந்து ஒருவர் எங்கள் கடைக்கு விற்றார். ரசீது கொடுத்தார், நேரில் வந்து கணினியில் ஏற்றியும் கொடுத்தார். கும்பாபிஷேக மலர் அச்சுக்குப் போக வேண்டிய வாரத்தில் அந்தக் கணக்கு திறக்கவே இல்லை.

விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உள்ளே நுழைய அவர் கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஏதோ ஒரு நிறுவனத்தின் குழுக் கணக்கைச் சேர்ந்தது. அதன் நிர்வாகி அந்த முகவரியை நீக்கினால் கதை முடிந்தது. கிளவுடில் சேமித்த கோப்புகளும் அந்த நிறுவனத்துக்கே சொந்தம்.

மலரில் இருந்தவை மூடப்பட்ட தோட்டத்தின் பழைய படங்கள். லயத்து வாசல், பால் வெட்டுக்குப் புறப்படும் பெண்கள், தீமிதி. ஸ்கேன் செய்த படங்கள் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் யார் யார் என்று பாட்டிமார் விரல் வைத்துச் சொன்ன பெயர்கள் எல்லாம் கிளவுடில் இருந்த மலரின் பக்கங்களில்தான் இருந்தன. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. கோயில் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சில பக்கங்களின் பிடிஎஃப் மட்டும்தான் மிச்சம். விற்றவரைக் கூப்பிட்டால், "அண்ணே, அது பழைய வெர்ஷன், அப்கிரேடுக்கு இன்னும் 300 வெள்ளி ஆகும்" என்றார். அப்புறம் எங்கள் எண்ணையே தடுத்துவிட்டார். இதை மன்னிக்க முடியவில்லை.

அவர் பிழைப்பதே நம்முடைய பழைய நினைப்பை வைத்துத்தான். முன்பெல்லாம் பெட்டியில் வாங்கிய மென்பொருள் நம்முடையது. அடுத்த பதிப்பு வேண்டாமென்றால் விட்டுவிட்டு, பழையதிலேயே பல வருடம் ஓட்டலாம். இனி சந்தா மட்டும்தான் என்று அடோபி 2013 மே மாதம் அறிவித்தது. 2012-இல் வந்த அடோபி தொகுப்பான சிஎஸ்6தான் கடைசிப் பெட்டிப் பதிப்பு, அதன் விற்பனையும் 2017-இல் நின்றது. ஆகவே இன்றைய இன்டிசைனுக்கு வாழ்நாள் லைசன்ஸ் என்று ஒன்று கிடையாது. யார் விற்றாலும் சரி, கணக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலில் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

நேரடியாகச் சந்தா எடுப்பவர்களும் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். "ஓராண்டு, மாதாமாதம் கட்டுவது" என்ற திட்டத்தில் 14 நாளுக்குப் பிறகு விலகினால், மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்ததாக 2024 ஜூனில் அமெரிக்க அரசே அடோபி மீது வழக்குப் போட்டது. நம் மலேசியாவில் கட்டணத்துக்கு மேல் டிஜிட்டல் சேவை வரி 8 விழுக்காடும் இருக்கிறது.

இன்னொன்று. இன்டிசைன் கோப்பை ஐடிஎம்எல் (வேறு பதிப்புகளிலும் திறந்து திருத்தக்கூடிய கோப்பு) வடிவத்திலும் பிடிஎஃப்பிலும் உங்கள் சொந்த டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஐடிஎம்எல் இருந்தால் பழைய இன்டிசைனிலும், அஃபினிட்டி என்ற வேறொரு டிசைன் மென்பொருளிலும் திறக்கலாம். அஃபினிட்டியை 2024-இல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து அது இலவசம். வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே பலருக்குப் போதும்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கை வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். நாங்கள் தொடுக்கப் போகிறோம். இதே ஆளிடம் வாங்கியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.