1913-ஆ, கவுன்சிலரா, பகுதி சபையா: சென்னையில் எந்தப் புகாருக்கு எந்த வாசல்?

போன மழைக்காலத்தில் எங்கள் தெருமுனையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-ஐ அழைத்தேன். (மறக்க முடியாத எண். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டதும் 1913-இல்தான்.) எடுத்த பெண் முதலில் கேட்டது, "மழைத்தண்ணியா சார், சாக்கடைத் தண்ணியா?" மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

கீழே இறங்கிப் போனால் இஸ்திரி வண்டி அண்ணன் சிரிக்கிறார். "எந்த மூடி பொங்குதுன்னு பாருங்க சார். வட்டமா இருந்தா பெரும்பாலும் மெட்ரோ வாட்டர். சதுரமா இருந்தா கார்ப்பரேஷன்." பொங்கியது வட்டம். அதாவது நான் தட்டிய கதவே தப்பு. கழிவுநீரும் குடிநீரும் மெட்ரோ வாட்டர் எனப்படும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, அதற்கு 1916. கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. தெருவிளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, குப்பை, கொசு, பூங்கா, தெருநாய் எல்லாம் மாநகராட்சி. எந்த வழி சிறந்தது என்று அலசுவதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும். பாதி நேரம் நாம் தோற்பது இங்கேதான்.

சரி, பிரச்சினை மாநகராட்சியுடையதுதான் என்று உறுதியாகிவிட்டது. இனி 1913-ஆ, ‘நம்ம சென்னை’ செயலியா? ராத்திரி மரம் விழுந்தால் போன்தான், யோசிக்கவே வேண்டாம். விளக்கு எரியவில்லை, குப்பைத்தொட்டி நிரம்பி வழிகிறது என்றால் செயலி நல்லது. படம் போடலாம், இடத்தைக் குறிக்கலாம். விளக்குக் கம்பத்தில் ஓர் எண் எழுதியிருக்கும், அது படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். "பிள்ளையார் கோயிலுக்கு எதிரே" என்றால் ஒரு வார்டில் எத்தனை பிள்ளையார் கோயில்! எந்த வழியில் போனாலும் புகார் எண் வரும், அதைக் குறித்து வைக்க வேண்டும். வேலை முடிந்ததாகச் செய்தி வந்தும் விளக்கு எரியாவிட்டால், பழைய எண்ணைச் சொல்லி மறுபடி புகார் கொடுக்கலாம்.

ஆனால் இந்த இரண்டுமே இருப்பதைப் பழுது பார்க்கத்தான். "எங்கள் தெருவுக்கு வடிகாலே இல்லை, புதிதாகக் கட்டுங்கள்" என்று செயலியில் பதிவதில் பெரிய பயன் இல்லை. அதற்கு மதிப்பீடு போட வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், டெண்டர் விட வேண்டும். புகாரைப் பார்க்கிறவர் கையில் அது இல்லை.

அங்கேதான் கவுன்சிலர் வருகிறார். 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் கிடையாது, இந்த வாசலே மூடிக் கிடந்தது. 2022 தேர்தலில் 200 வார்டுக்கும் ஆள் வந்தார். ஒவ்வொரு கவுன்சிலருக்குமான வார்டு மேம்பாட்டு நிதி 2025-26-இல் 60 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு வார்டின் தேவைக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. அதனால்தான் எப்போது கேட்கிறோம் என்பது முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாக மார்ச் வாக்கில் வரும். டிசம்பர், ஜனவரியிலேயே மனு போய்விட வேண்டும், மழையில் நனைந்த கோபம் ஆறுவதற்குள். தனி ஆளாகப் போகாமல் நலச்சங்கத்தின் பெயரில், இரண்டு நகலோடு போங்கள். ஒரு நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள். "பார்த்துக்கலாம் தம்பி" என்ற சொல்லுக்கு ஒப்புகைச் சீட்டு கிடையாது.

பகுதி சபைதான், அதாவது ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசும் கூட்டம்தான், என் செல்லப்பிள்ளை. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கிராமத்துக்காரர்களுக்கு கிராமசபை பல காலமாக இருக்கிறது. நகரத்தில் அப்படி ஒன்றுக்குத் தமிழ்நாட்டில் விதிகள் வந்ததே 2022-இல். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே உட்கார்ந்தார். சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் போகலாம்.

குறையும் உண்டு. பகுதியின் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. அவர் இடம்பெறும் வார்டு குழுவுக்குத் தலைவர் கவுன்சிலரே. கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய சபை கவுன்சிலரின் நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் மனுவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: மனுவை ஒருவர்தான் படிப்பார், இங்கே நீங்கள் சொல்வதை அடுத்த தெருக்காரரும் கேட்கிறார். நான் போனபோது எங்கள் வடிகாலைப் பற்றிப் பேசி முடிக்கும் முன்பே பின் வரிசையிலிருந்து ஓர் அம்மா, "உங்க தண்ணி வந்து நிக்கிறதே எங்க வாசல்லதான்" என்றார். எந்தச் செயலியும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. தேதியை மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்றும் பாருங்கள்.

1100, அதாவது முதலமைச்சருக்கு மனு கொடுக்கும் ‘முதல்வரின் முகவரி’, தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி. கோட்டைக்குப் போகிற மனு துறை துறையாக இறங்கி, கடைசியில் அதே வார்டு உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். விளக்குக்கெல்லாம் இது வேண்டாம். ஆனால் இரண்டு துறைகள் ஒன்றையொன்று கை காட்டும்போது இதுதான் சரி. குழாய் பதிக்க ஒருவர் ரோட்டை வெட்டியிருப்பார், மூட வேண்டியவர் வேறொருவராக இருப்பார். இருவருக்கும் மேலே இருப்பவரிடம்தான் அதைக் கேட்க முடியும்.

கடைசியாக ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதைப் புகார் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் உருப்படியாகப் பதில் வராது. இந்தத் தெருவுக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற பொருளில் மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டம் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது.

எங்கள் தெரு வடிகாலுக்கு நான் கவுன்சிலர் மனு, பகுதி சபை இரண்டையும் சேர்த்தே பிடித்திருக்கிறேன். மொத்தம் 23 வீடு, 21 கையெழுத்து வாங்கியாகிவிட்டது. மீதி இரண்டு வீட்டுக்காரர்கள் போடமாட்டேன் என்கிறார்கள். வடிகால் வந்தால் வாசலில் காரை ஏற்றக் கட்டிய சிமெண்ட் சரிவை இடிக்க வேண்டியிருக்குமாம்.