நான்கு அடாப்டிவ் ஷாக்குக்குப் பணம் வாங்கிவிட்டு நான்கும் சாதாரண ஷாக் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கொடுத்து நான்கு அடாப்டிவ் ஷாக் அப்சார்பர் மாற்றினேன். அதில் ஒன்றுகூட அடாப்டிவ் இல்லை என்பது தெரிய எனக்கு ஏழு வாரம் ஆனது.

வண்டி 2014 மாடல் போர்ஷே கேமன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதில் பிஏஎஸ்எம் இருக்கிறது, போர்ஷேயின் அடாப்டிவ் ஷாக் அமைப்புக்கு அதுதான் பெயர். ஷாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழியை ஒரு மின் வால்வு கூட்டிக் குறைக்கும், கியர் பக்கத்துப் பட்டனை அமுக்கினால் வண்டி இறுகும், இன்னொரு முறை அமுக்கினால் இளகும். போன மழைக்காலம் முடிந்த சமயம், பின்பக்க இடது மூலை சரியில்லை என்று பட்டது. வேகத்தடையில் இறங்கினால் ஒரு ஆட்டத்தோடு நிற்க வேண்டியது இரண்டு மூன்று முறை ஆடியது. டயரின் மேல் கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன், ஷாக்கின் உடம்பு மேலிருந்து கீழ்வரை எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தது. அந்த ஒன்று போய்விட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

சென்னையில், ஐரோப்பியக் கார்கள் மட்டுமே பார்ப்பதாகச் சொல்லும் ஒரு கேரேஜில் விட்டேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் சொல்லவில்லை. அன்று மாலையே போன். “சார், நாலுமே லீக். ஸ்கேனர்லயே வந்திருச்சு, ரிப்போர்ட் அனுப்புறேன் பாருங்க.” வாட்ஸ்அப்பில் வந்த ரிப்போர்ட்டில் முன்பக்க ஷாக் இரண்டுக்கும் சிவப்பில் கோளாறு காட்டியது. நம்பிவிட்டேன்.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஸ்கேனருக்கு எண்ணெய் தெரியாது. வண்டியின் கம்ப்யூட்டர் பார்ப்பது ஷாக்குக்குள் இருக்கும் மின்சுருளைத்தான்: கரண்ட் சரியாகப் போகிறதா, வயர் அறுந்திருக்கிறதா, அவ்வளவே. எண்ணெய் மொத்தமும் ஒழுகிப் போனாலும் சுருள் நன்றாக இருந்தால் எந்த விளக்கும் எரியாது. ஷாக் புத்தம் புதிதாக இருந்தாலும் பிளக்கைக் கழற்றிவிட்டால் உடனே கோளாறு பதிவாகும். என் ரிப்போர்ட்டில் அந்தக் கோளாறு எத்தனையாவது கிலோமீட்டரில் பதிவானது என்றும் இருந்தது. 48,213. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் அவர்களே எழுதியது 48,212. ஒரு விளக்கும் எரியாமல்தான் நான் ஓட்டிக்கொண்டு போனேன், கோளாறு வந்தது அவர்கள் கைக்குப் போன பிறகு. அன்றைக்கு இதை நான் பார்க்கவில்லை. பணம் கட்டி இரண்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

அவர்கள் அனுப்பிய முன்பக்கப் போட்டோக்களும் என்னிடம் இருக்கின்றன. மேல்பகுதியில் மட்டும் லேசான ஈரப் பிசுக்கு. அது லீக் இல்லை, வியர்வை மாதிரி லேசான கசிவு. ஷாக்கின் தண்டு மேலும் கீழும் போய்வரும்போது ரப்பர் சீலைத் தாண்டி ஒரு படலம் எண்ணெய் வெளியே வரத்தான் செய்யும். எண்ணெய் பாதி உடம்பையும் தாண்டிக் கீழே வழிந்திருந்தால்தான் லீக். சந்தேகம் வந்தால் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பின்பக்கம் என்றால் ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்து தெறித்த கிரீஸாகவும் இருக்கலாம், அதைப் பார்த்தும் ஷாக் போச்சு என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கம் போனால் அதன் ஜோடியையும் சேர்த்து மாற்றுவது சரியான முறைதான். அந்தக் கணக்கில் என் வண்டிக்கு வேண்டியிருந்தது பின்பக்கம் இரண்டு மட்டும்.

சரி, மாற்றி முடித்துக் கொடுத்தார்கள். விளக்கு எதுவும் எரியவில்லை, புது ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு கோளாறும் இல்லை, வண்டியும் அலுங்காமல் போனது. புது ஷாக் என்றால் எதுவாக இருந்தாலும் அப்படித்தான் போகும், ஒழுகிய ஷாக்கோடு ஓட்டிப் பழகியவனுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஏழாவது வாரம் நானும் மனைவியும் ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவுகள், எப்போதும் அங்கே பட்டனை அமுக்கிவிடுவேன், அவளுக்கு இடுப்பு வலி என்பதால் மூன்றாவது வளைவுக்குள் அணைக்கச் சொல்லிவிடுவாள். அன்றைக்குப் பாதி மலை ஏறிய பிறகு கேட்டாள், “ஏங்க, இன்னிக்கு அந்தப் பட்டனை அமுக்கலையா?” அமுக்கித்தான் இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்துப் பார்த்தேன், மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

ஊர் திரும்பியதும், தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். முன் டிக்கி ஓரத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி ஷாக்கின் தலையைக் காட்டினார். “சார், இந்தத் தண்டு நுனில வயர் வரணும். பாருங்க, மொட்டையா இருக்கு.” வண்டியிலிருந்து வரும் பிளக் பக்கத்திலேயே ஒரு தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டியில் செருகியிருந்தது, கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தப் பெட்டி மின்சுருள் இருப்பதுபோல் கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறது. நான்கு மூலையிலும் ஒவ்வொன்று. அடாப்டிவ் ஷாக்கே வேண்டாம் என்று தெரிந்தே மாற்றுகிறவர்களுக்காக வெளிப்படையாக விற்கிற பொருள்தான் அது. எனக்குச் சொல்லாமல் வைத்ததுதான் மோசடி. “அண்ணே, நிச்சயமா?” என்று நான்கு தடவை கேட்டிருப்பேன்.

கேரேஜுக்குப் போய்க் கேட்டால், “இந்த ரோட்டுக்கு இதுதான் சார் செட் ஆகும்” என்கிறார்கள். பில்லில் ‘ஷாக் அப்சார்பர் 4’ என்று மட்டும்தான் இருக்கிறது, பார்ட் நம்பர் கிடையாது. கழற்றிய பழசு எங்கே என்றால் ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். அதில் மூன்று நல்ல நிலையில் இருந்தவை. அவை எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்தேன், அதில் தீராததால் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஜாப் கார்டு, இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட், வாட்ஸ்அப் போட்டோ எல்லாம் அழிக்காமல் வைத்திருந்ததுதான் இன்றைக்குக் கை கொடுக்கிறது.

சரியான ஷாக்குக்குப் பெரியவர் மூலமாகவே ஆர்டர் போட்டிருக்கிறேன். அட்டைப் பெட்டியின் லேபிளை நான் படம் எடுத்த பிறகுதான் பிரிப்பார். ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்களை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும், அப்புறம் அலைன்மென்ட். இரண்டும் நடக்கும்போது பக்கத்தில் இருக்கப் போகிறேன். அதுவரை அந்த நான்கு பெட்டிகளும் வண்டியிலேயே இருக்கின்றன, ஆணையம் பார்க்கும்வரை கழற்ற வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உங்கள் வண்டிக்கும் சமீபத்தில் இந்த வேலை நடந்திருந்தால், முன் மூடியைக் கழற்றி ஷாக்கின் தலையிலிருந்து வயர் வருகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.