விழாக் கடைச் செபமாலைகள்: தினசரி செபத்துக்கு எது தாங்கும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கத்தோலிக்க ஆலயங்களின் பங்குத் திருவிழாக் கடைகளில் தொங்கும் செபமாலைகளில், முடிச்சுப் போட்டுக் கட்டிய மரமணி மாலைதான் தினமும் செபிக்கிறவர்களுக்கு ஏற்றது. பார்வைக்குக் கண்ணாடி மணி முந்தும். ஆனால் செபமாலை விரலுக்கானது. எண்ணிக்கையை விரல் கவனித்துக்கொண்டால்தான் மனம் மறையுண்மையில், அதாவது தியானிக்கும் இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்வில், தங்கும். ‘இது ஏழாவதா, எட்டாவதா’ என்று யோசிக்க ஆரம்பித்தால் தியானம் அங்கேயே அறுந்துவிடும்.

வாங்குமுன் மணியை எண்ணுங்கள். மொத்தம் 59 இருக்க வேண்டும். பாடுபட்ட சுரூபத்திலிருந்து (இயேசு தொங்கும் சிலுவை) பதக்கம் வரை பெரியது ஒன்று, சின்னது மூன்று, மறுபடி பெரியது ஒன்று. வளையத்தில் பத்துப் பத்தாக 50, இடையிடையே பெரியது 4. சின்ன மணிக்கு ‘அருள்நிறைந்த மரியே’, பெரிய மணிக்குப் பரலோக மந்திரம். மலிவு மாலைகளில் ஒரு பத்தில் ஒன்பதோ பதினொன்றோ கோத்திருப்பதுண்டு. அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு) அதை வைத்துச் செபத்தை நடத்துகிறவர் ஒன்று கூடவோ குறையவோ சொல்வார். பதில் சொல்கிறவர்கள் தடுமாறுவார்கள். பிறகு கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். பெரிய மணி விரலுக்குத் தனியாகத் தெரிய வேண்டும். நிறத்தில் மட்டும் வித்தியாசம் காட்டும் மாலை, செபமாலை மாதமான அக்டோபரில் இரவு கரண்ட் போனால் உதவாது.

சங்கிலி மாலையின் பலவீனம் அதன் கம்பி வளையங்கள். வாயைப் பற்றவைக்காமல் நெருக்கி மட்டும் விட்டிருப்பார்கள். சேலையிலோ தலைமுடியிலோ மாட்டி இழுத்தால் வாய் திறந்து, ஒரு பத்து அப்படியே கழன்று விழும். மூக்குக் குறடால் நெருக்கிவிடலாம். ஆனால் அதே வளையம் மறுபடி திறக்கும். வியர்வையில் முலாம் கறுப்பதும் உண்டு. நூல் மாலையில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு மணிக்கும் நடுவே முடிச்சு இருக்கிறதா, நைலான் நுனியைச் சுட்டு உருக்கியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். சாயம் போட்ட மரமணியை ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தாலே ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் மாலை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெளிச்சத்தில் வைத்து எடுத்தால்தான் ஒளிரும். பஸ்ஸில் செபிக்கிறவர்களுக்குப் பத்து மணி மட்டும் உள்ள கைமாலை போதும். கிருஷ்ணகிரியில் ஏறினால் தருமபுரி வருவதற்குள் நிதானமாகவே ஐந்து பத்தும் சொல்லிவிடலாம்.

மாலையோடு விற்கும் சிறு செபப் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தார். பழைய பதிப்பை அப்படியே மறு அச்சிட்ட புத்தகங்களில் 15 மறையுண்மைகள்தான் இருக்கும். வியாழனுக்கு மகிழ்ச்சி, சனிக்கு மகிமை என்று போட்டிருக்கும். இப்போது வியாழன் ஒளி, சனி மகிழ்ச்சி. ஒரே வீட்டில் இரண்டு பதிப்பு இருந்தால் அந்த இரண்டு நாளும் குழப்பம்தான். ஒவ்வொரு மறையுண்மைக்கும் விவிலியப் பகுதி குறித்திருக்கும் புத்தகமே மேல். முதல் மகிழ்ச்சி மறையுண்மைக்கு லூக்கா 1:26-38. அதில் இரண்டு வசனம் வாசித்து, கொஞ்சம் மௌனமாக இருந்து, பிறகு இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தைத் தொடங்கினால் அந்தப் பத்தின் ஆழமே வேறு.

ஐந்து பத்துக்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிறதென்றால், செபத்தை நடத்துகிறவர் சொல்லும் ‘அருள்நிறைந்த மரியே’ பாதி முடியுமுன்பே ‘தூய மரியே’ என்ற பதில் பாதியை மற்றவர்கள் ஏறிச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு எந்த மாலையும் மருந்தல்ல. ‘இயேசு’ என்ற பெயரில் ஒரு மூச்சு நிறுத்திச் சொன்னால் வேகம் தானே குறையும்.

வாங்கியதும் பங்குத்தந்தையிடம் கொடுத்து மந்திரித்துக்கொள்ளுங்கள், அதாவது ஆசீர்வதித்து வாங்கிக்கொள்ளுங்கள். மந்திரித்த மாலை சரிசெய்ய முடியாதபடி அறுந்தால் குப்பையில் போடாமல் எரிப்பதோ மண்ணில் புதைப்பதோ முறை. மரமணி மாலை அந்த நிலைக்குப் போவது அபூர்வம்; புது நைலான் நூல் வாங்கி வீட்டிலேயே கோத்துவிடலாம்.