டைமரா, பொத்தானா? சுடுநீர்ச் சுழற்சி பம்ப்: ஓர் ஒப்பீடு

சென்னை ஆதம்பாக்கத்தில் உள்ள எங்கள் மாடி வீட்டில், மொட்டைமாடி சோலார் ஹீட்டரிலிருந்து தரைத்தளக் குளியலறை வரை ஏறத்தாழ 20 மீட்டர் நீள முக்கால் அங்குலக் குழாய் இறங்குகிறது. அதில் ஆறிப்போய் நிற்கும் சுமார் 5 லிட்டரை வழியவிட்ட பிறகுதான் சுடுநீர் வரும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு காத்திருந்த பிறகு, அந்த 5 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஆகவே ஆறிய நீரை மேலே தொட்டிக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய் போட்டு, முதலில் டைமரில் ஓடும் பம்ப்பையும், இரண்டு ஆண்டுகள் கழித்துப் பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் பம்ப்பையும் பொருத்தினோம்.

வசதியில் டைமர் முந்தும், மின்செலவில் பொத்தான் முந்தும். நான் பொத்தானின் பக்கம் சாய்வதற்குக் காரணம் பராமரிப்பு.

எங்கள் போர் தண்ணீர் உப்பு மிகுந்தது. சூடேறும்போது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் படிவாகப் பிரிந்து, ரிட்டர்ன் குழாயின் என்.ஆர்.வி. வால்வில் (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) ஒட்டிக்கொள்கிறது. வால்வு முழுதாக மூடாதபோது, கீழே குழாயைத் திறந்தவுடன் தொட்டியின் அடிப்பகுதியிலுள்ள குளிர்ந்த நீரும் ரிட்டர்ன் வழியே எதிர்த்திசையில் வந்து கலந்துவிடுவதால், மேலே தண்ணீர் நன்றாகக் காய்ந்திருந்தாலும் நமக்கு வெதுவெதுப்புதான் கிடைக்கும். முதன்முறை இது நேர்ந்தபோது பிளம்பர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களையே சந்தேகித்தார். ரிட்டர்ன் குழாயின் கேட் வால்வை மூடிப் பார்த்ததும் நல்ல சூடு வந்ததால், பழுது என்.ஆர்.வி.யில்தான் என்பது உறுதியாயிற்று. பம்ப் ஓடும் சத்தம் கேட்டும் ரிட்டர்ன் குழாய் தொட்டால் குளிர்ந்தே இருந்தால், பெரும்பாலும் அது ஏர் லாக், அதாவது குழாயில் காற்று அடைத்துக்கொள்வது. காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும்.

டைமர் இருந்தபோது நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் சுடுநீர் அந்த வால்வைக் கடந்து ஓடியது. ஆண்டுக்கு இருமுறை அதைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். வெளிச்சுவரில் உறையின்றி இறங்கும் குழாய் அந்நேரம் முழுவதும் தொட்டியின் சூட்டையும் இழந்துகொண்டிருந்தது. பொத்தான் பம்ப்போ சில நிமிடங்கள் ஓடி, சூடு எட்டியதும் சென்சார் மூலம் நின்றுவிடுகிறது. கடந்த ஒன்றரை ஆண்டில் வால்வை ஒரே ஒருமுறைதான் கழற்றினோம். இதே காலத்தில் எங்கள் தொட்டியில் உப்புக் குறைந்த மெட்ரோ தண்ணீரின் (குடிநீர் வாரியம் தருவது) பங்கும் கூடியிருப்பதால், முழுப் பெருமையையும் பொத்தானுக்கே கொடுக்க நான் தயங்குகிறேன்.

பொத்தானை அழுத்தியபின் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்பது வயதானவர்களுக்கு மறந்துவிடுகிறது. என் அம்மா இன்றும் பல நாள் பழைய வழக்கப்படி வாளியில்தான் அந்த ஆறிய தண்ணீரைப் பிடித்துவிடுகிறார். முதியவர்கள் மட்டுமே இருக்கும் வீடாக இருந்தால், குழாய்க்கு வெப்பம் காக்கும் உறை போட்டு, மார்கழி, தை மாதங்களில் மட்டும் விடியலில் ஒரு மணி நேரம் ஓடும்படி டைமரையே வைக்கச் சொல்வேன்.